பேரேடும் பெயரேடும்
‘நட்சுமே யூஜின்சோ’ என்னும் ஜப்பானியத் தொடர் குறித்து ஒரு விமர்சனக் கட்டுரை

மலர்க்குழுக் கூட்டத்தில் இந்தத் தலைப்பைச் சொன்னபோது நண்பர் ஒருவர் உரிமையோடு கேட்டார்: “ஏன் சார், சிலம்பு இருக்கு, குறள் இருக்கு, பாரதி இருக்கார். அதையெல்லாம் விட்டுட்டு கார்ட்டூனைப் பத்திக் கட்டுரையா? அதுவும் ஜப்பான்காரன் கார்ட்டூன்!”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2000-களின் நடுவில் டோரேமானும் ஷின்-சானும் இந்தியத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார்கள். அவர்களோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். பொம்மைப் படம் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அவர்களோடு ஜப்பானியப் படங்களும் வளர்ந்துவிட்டன. “எப்பப் பாரு கார்ட்டூன்” என்று நாம் திட்டுகிறோமே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பேத்தியின் வற்புறுத்தலால் நான் உட்கார்ந்தேன். “தாத்தா, இது பேய்ப் படம் இல்ல. பேய் வரும், ஆனா பேய்ப் படம் இல்ல” என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் போட்டாள். அந்த வாக்கியத்துக்குப் பொருள் புரிய எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. புரிந்ததை எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரின் பிறப்பு

மூலம் ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. எழுதி வரைபவர் மிதோரிகாவா யூகி என்ற பெண்மணி. தென் ஜப்பானில் கியூஷூ தீவிலுள்ள குமமோத்தோ மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2003-ல் சிறுமியர்க்கான ஓர் இதழில் இக்கதை தொடங்கியது. 2008-ல் ஓமோரி தகாஹிரோவின் இயக்கத்தில் அசைபடத் தொடராக வந்தது. முதல் நான்கு பருவங்களும் (2008, 2009, 2011, 2012) பருவத்துக்குப் பதின்மூன்று பகுதிகள். பிறகு 2016, 2017 ஆண்டுகளில் இரண்டு பருவங்கள், 2018-ல் ஒரு திரைப்படம், 2024-ல் ஏழாம் பருவம். பரபரப்பு என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லாத ஒரு கதை பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பார்வையாளர்களைக் கட்டி வைத்திருப்பது சாதாரணமான செய்தி அல்ல.

கதை சுருக்கமானதுதான். நட்சுமே தகாஷி என்ற பையன், வயது பதினைந்து பதினாறு. பெற்றோர் இல்லை. சிறு வயதிலிருந்தே ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகக் கைமாறி வளர்ந்தவன். பிறர் கண்ணுக்குப் படாத ஆவியுருக்கள் இவன் கண்ணுக்குப் படும். ஜப்பானியர் இவற்றை யோகாய் என்பார்கள். கண்டதைச் சொன்னால் ‘பொய்யன்’, சொல்லாமல் பயந்து ஓடினால் ‘பைத்தியம்’ என்று பெயர் வாங்கி வாங்கி, வாயை மூடிக்கொள்ளப் பழகியவன். கடைசியில் ஃபுஜிவாரா என்ற பிள்ளையில்லாத தம்பதி அவனைக் கிராமத்து வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார்கள். அங்கே வந்தபிறகு, இளம் வயதிலேயே இறந்துபோன பாட்டி ரேக்கோ விட்டுச்சென்ற ஓர் ஏட்டின் மர்மம் துலங்குகிறது. அதன் பெயர்தான் ‘யூஜின்சோ’. ‘யூஜின்’ என்றால் நண்பர், ‘சோ’ என்றால் ஏடு. நண்பர்கள் ஏடு.

அந்த ஏட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், இது எந்த வகைப் படைப்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மர்மம் எங்கே இருக்கிறது?

அன்றாட வாழ்க்கையையே கதையாக்கும் படைப்புகளுக்கு ஜப்பானில் ‘நிச்சிஜோ’ வகை என்று பெயர். நிச்சிஜோ என்றால் அன்றாடம். பள்ளிக்குப் போவது, வீடு திரும்புவது, மழைக்கு ஒதுங்குவது, சாப்பிடுவது. இதற்குள் ஆவியும் மர்மமும் புகுந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று நினைப்போம். ஒன்று, அன்றாடம் அடிபட்டுப்போய்த் திகில் கதையாகிவிடும். இல்லையென்றால் ஆவிகள் சிரிப்புப் பொம்மைகளாகிவிடும். இத்தொடர் இரண்டு பக்கமும் சாய்வதில்லை.

காரணம், இங்கே மர்மம் வேறிடத்தில் இருக்கிறது. துப்பறியும் கதையில் ‘யார் செய்தது?’ என்பது கேள்வி. பேய்க் கதையில் ‘அது என்ன?’ என்பது கேள்வி. இத்தொடரின் ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் கேள்வி ‘இதற்கு என்ன வேண்டும்?’ என்பதுதான். கதவைத் தட்டுகிறது ஓர் ஆவி, துரத்துகிறது, மிரட்டுகிறது. கடைசியில் பார்த்தால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது, அல்லது எதையோ திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது. நமக்கு விக்கிரமாதித்தன் கதையின் வேதாளம் தெரியும். அது புதிர் போடும். சரியான விடை சொன்னால் தப்பித்து மரம் ஏறிவிடும். அங்கே வெல்வது அறிவு. நட்சுமே சந்திக்கும் ஆவிகளிடம் புதிர் இல்லை, குறை இருக்கிறது. உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பவனுக்குத்தான் அங்கே வேலை.

இந்த ஆவிகளுக்கு ஜப்பானில் நெடிய மரபு உண்டு. தோரியாமா செகியென் என்ற ஓவியர் 1776-லேயே இவற்றை ஒவ்வொன்றாக வரைந்து பெயரிட்டு நூலாக்கினார். நாட்டாரியலின் முன்னோடியான யனகிதா குனியோ 1910-ல் வடகிழக்கு ஜப்பானின் தோனோ பகுதிக் கதைகளைத் தொகுத்தார். வழிபாடு இழந்து தாழ்ந்த பழந்தெய்வங்களே யோகாய்கள் என்பது அவர் கருத்து. பிற்கால ஆய்வாளர் கொமாத்சு கஸூஹிகோ இதை அப்படியே ஏற்கவில்லை. போக்கு இருபுறமும் நடக்கும் என்றார்: வணங்கினால் ஆவி தெய்வமாகும், வணக்கம் நின்றால் தெய்வம் ஆவியாகும். ஊர்க்கோடியில் அடிபட்டுச் செத்தவன் சாமியாகிக் கொடை வாங்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத தத்துவம் அல்ல.

முதல் பருவத்தின் இரண்டாம் பகுதி இந்த விவாதம் முழுவதையும் இருபத்திச் சொச்ச நிமிடத்தில் கதையாக்கிவிடுகிறது. ட்சுயுகாமி என்ற பனித்துளி தெய்வம் உண்மையில் தெய்வமே அல்ல. பாழடைந்த ஒரு சிறு கோயிலில் ஒண்டிய சாதாரண ஆவி. வறட்சிக் காலத்தில் ஊரார் வந்து வேண்டினார்கள். தற்செயலாக நீர் கிடைத்தது. தெய்வம் என்று நம்பிப் படையல் வைத்தார்கள். நம்பிக்கை வளர வளர ஆவியும் உயர்ந்து வளர்ந்தது. காலம் மாறியது, ஊரார் மறந்தார்கள். இப்போது அது உள்ளங்கையளவு. ஹனா என்ற ஒரு மூதாட்டி மட்டும் விடாமல் வந்து பழம் வைத்துக் கும்பிடுகிறாள். அவள் நோய்ப்படுகிறாள். அவள் போனால் இதுவும் இல்லை. ‘நான் கும்பிடுகிறேன், நீ இரு’ என்கிறான் நட்சுமே. அது மறுத்துவிடுகிறது: நீ எனக்கு நண்பன், நீ கும்பிட்டால் சரிவராது என்கிற பொருளில்.

பேத்தி இந்த இடத்தில் ‘பாஸ்’ பட்டனை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பேரேடு

இப்போது ஏட்டுக்கு வருவோம். தொடரின் உயிர்நிலை அதுதான்.

பாட்டி ரேக்கோவும் பேரனைப் போலவே ஆவிகளைக் கண்டவள். மனிதர்கள் அவளை ஒதுக்கினார்கள். அவளும் மனிதர்களை ஒதுக்கிவிட்டு, ஆவிகளைப் போட்டிக்கு அழைத்தாள். தோற்ற ஆவியின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். தாள்களைக் கோத்து ஏடாக்கினாள். பெயர் யார் கையில் இருக்கிறதோ அவர் கூப்பிட்டால் ஆவி வந்தே ஆக வேண்டும். தாளைக் கிழித்தால் ஆவியின் உடல் கிழியும், எரித்தால் எரியும். இப்படி ஓர் அடிமைப் பத்திரக் கட்டுக்கு அவள் வைத்த பெயர் ‘நண்பர்கள் ஏடு’.

தமிழில் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தைப் ‘பேரேடு’ என்கிறோம். யார் யார் எவ்வளவு பாக்கி என்று பெயர் வாரியாகப் பதிவு செய்யும் ஏடு. ரேக்கோவின் ஏடும் அப்படிப்பட்ட பேரேடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் எழுதப்பட்டவர்கள் கடன்பட்டவர்கள். ஆனால் இந்தக் கடன்காரி ஒருநாளும் வசூலுக்குப் போகவில்லை. பெயர்களை வாங்கினாளே ஒழிய, பெரும்பாலோரைக் கூப்பிடவே இல்லை. முதல் பகுதியில் வரும் ஹிஷிகாகி என்ற ஆவியின் மனக்குறையே அதுதான். பசித்துக் கிடந்த அதற்கு ரேக்கோ மான்ஜூ கொடுத்தாள். பயறு பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பலகாரம் அது. பெயரையும் வாங்கிக்கொண்டு போனாள். அதன்பின் வரவில்லை. ஹிஷிகாகி காத்திருந்தது. அடிமையாக இருப்பதைவிட, அழைக்கப்படாமல் இருப்பதே அதை வாட்டியது.

பேரன் செய்வது பேரேட்டை மூடும் வேலை. கேட்டு வரும் ஒவ்வோர் ஆவிக்கும் அதனதன் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறான். உருவத்தை மனத்தில் நினைத்தால் ஏடு தானே புரண்டு உரிய பக்கத்தில் நிற்கும். தாளைப் பல்லில் கவ்வி, கைகளைத் தட்டிச் சேர்த்து, மூச்சை ஊத வேண்டும். மை எழுத்துகள் தாளிலிருந்து எழுந்து ஆவியின் நெற்றிக்குள் போய்ச் சேரும். அந்த நொடியில் பாட்டியோடு அந்த ஆவி கழித்த நேரம் அவனுக்குக் காட்சியாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் உடம்பு அசந்து விழுந்துவிடுகிறான். திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெயரைத் திருப்பிக் கொடுத்தபின் ஆவிக்கு அவனிடம் வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இருந்தும் சில வருகின்றன. பிணைப்பு அறுந்தபின்னும் வருபவரே நண்பர். ரேக்கோ ஆசையாக, அல்லது கேலியாக, வைத்த ‘நண்பர்கள் ஏடு’ என்ற பெயர், ஏடு மெலிய மெலிய மெய்யாகிறது. இதை ஒரு பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏடு மெலிவதை மட்டும் காட்டுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நத்தோரி என்ற நடிகர், மத்தோபா என்ற குலத்தலைவர் ஆகியோர் ஆவிகளை அடக்கி ஏவல் கொள்ளும் தொழில்காரர்கள். அவர்கள் கையில் பெயர் என்பது கருவி. தக்கி என்ற பள்ளித் தோழியின் கதை இன்னும் கூர்மையானது. அவள் யாரையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறாளோ அவர்களையும் சேர்த்துத் தின்பேன் என்று ஓர் ஆவி சபிக்கிறது. அவள் பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். வகுப்பறைக்குள், சிநேகிதிகளுக்கு நடுவில், ஒரு பெண் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வாழ்கிறாள். திகில் கதைக்கான கரு இது. தொடரோ அதில் ஒரு பெண்ணின் தனிமையைத்தான் காட்டுகிறது.

அடுத்தவர் வீட்டுச் சோறு

ஆவிக் கதைகள் தொடரின் ஒரு பாதி. மறுபாதி ஃபுஜிவாரா வீட்டில் நடக்கிறது. என் கணிப்பில் இந்த மறுபாதிதான் கனமானது.

தோக்கோ அம்மையாரும் ஷிகெரு ஐயாவும் தங்கமானவர்கள். பிரச்சினை அவர்களிடம் இல்லை. நட்சுமேயிடம் இருக்கிறது. வீடு வீடாக மாறிய பிள்ளைக்கு ஒரு பாடம் ஊறிப்போயிருக்கிறது: தொந்தரவு தராதே, கேள்வி கேட்காதே, காய்ச்சல் வந்தால் வெளியில் காட்டாதே. கிடைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் மனத்துக்குள் பற்று எழுதிக்கொள்கிறான். அவனுக்கென்று அவன் வைத்திருக்கும் பேரேடு அது. பாட்டியின் ஏட்டில் மற்றவர்கள் கடன்பட்டவர்கள். இவன் ஏட்டில் இவனே கடன்பட்டவன். நாம்கூட ‘நன்றி’ என்ற சொல்லோடு ‘கடன்’ என்ற சொல்லை ஒட்டவைத்துத்தானே பேசுகிறோம்!

இவ்விடத்தில் ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல அனுமதி வேண்டும். 1974-ல் வேலை தேடி வடக்கே வந்தபோது ஓர் உறவினர் குவார்ட்டர்ஸில் ஏழு மாதம் தங்கினேன். ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. ஆனாலும் குழம்பு இரண்டாம் முறை கேட்டதில்லை. எல்லாரும் குளித்து முடித்தபிறகுதான் பக்கெட்டைத் தொடுவேன். டம்ளர் கழுவும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று மெதுவாகக் கழுவுவேன். அந்த மாமி ஒருநாள், “ஏண்டா, இது உன் வீடு இல்லையா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நட்சுமே சோற்றுக் கிண்ணத்தை நீட்டத் தயங்கும்போது எனக்கு அந்தக் குவார்ட்டர்ஸின் பித்தளைக் குழாய் ஞாபகம் வந்தது. நம் சங்க உறுப்பினர்களில் பாதிப் பேராவது இதே போன்ற ஏதோ ஒரு வீட்டின் வழியாகத்தான் இந்த ஊருக்குள் வந்திருப்பார்கள்.

மூன்றாம் பருவத்தில் இரண்டு பகுதிகள் இந்த விஷயத்தை நேராகத் தொடுகின்றன. ஒன்றில் நட்சுமேயின் சிறுவயது. மரத்தடியில் ஒரு பெண் அவனோடு பேசுகிறாள். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் தினமும் போகிறான். அவளும் ஆவிதான், அவள் பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அறிந்ததும் கோபத்தில் கத்திவிடுகிறான். தன்னிடம் அன்பாயிருந்தவளையே. குழந்தையின் மீது தவறில்லை; ஆனால் அந்தச் சொல் போய்ப் பட்ட இடத்தை அவன் அறியவில்லை. அவளும் தனியாக இருந்தவள். இன்னொரு பகுதி, ஃபுஜிவாரா தம்பதி அவனை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பது. எத்தனையோ கதைகள் கடந்தபிறகுதான் இதைச் சொல்கிறார்கள். கதையின் தொடக்கத்தை இவ்வளவு தள்ளிச் சொல்வது ஏன்? ‘நீங்கள் ஏன் என்னை அழைத்தீர்கள்?’ என்று நினைத்துப் பார்க்கும் துணிவு அவனுக்கே அப்போதுதான் வருகிறது என்பது என் ஊகம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது ‘இத்தெகிமாஸ்’. ஆங்கிலச் சப்டைட்டிலில் வெறுமனே ‘கிளம்புகிறேன்’ என்கிற பொருளில் போடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதன் பொருள் ‘போய்வருகிறேன்’. “போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்று நம் பாட்டிமார் கண்டித்தது நினைவிருக்கும். அந்தச் சொல்லில் ‘வருகிறேன்’ என்ற பாதிதான் முக்கியம். திரும்ப வருவதற்கு இடம் இருப்பவனே அதைச் சொல்ல முடியும். நட்சுமே வாசலில் காலணி மாட்டிக்கொண்டு இதைச் சொல்வதும், உள்ளிருந்து தோக்கோ அம்மையார் பதில் சொல்வதும் எத்தனையோ பகுதிகளில் வருகின்றன. பேச்சு சாதாரணப் பேச்சுதான். ஆனால் தொடக்கத்தில் மரியாதைக்குச் சொன்னதை, போகப்போக அவன் நம்பிச் சொல்கிறான். அந்த மாற்றத்தை ஆங்கிலம் வழியே பார்ப்பவருக்குக் கேட்காது. தமிழ்க் காதுக்குக் கேட்கும்.

நீருக்கடியில் ஓர் ஊர்

தொடரில் ஊருக்குப் பெயர் இல்லை. ஆனால் பின்னணிக் காட்சிகளுக்கு மாதிரியாக இருந்தது குமமோத்தோ மாவட்டத்தின் ஹிதோயோஷி நகரமும், குமா ஆற்றை ஒட்டிய ஊர்களும். வயல், குன்று, பாலம், சிறு கோயில் என எல்லாம் உண்மையான இடங்களைப் பார்த்து வரைந்தவை. ரசிகர்கள் அங்கே யாத்திரை போல் போகிறார்கள்.

முதல் பருவத்தின் ஆறாம் பகுதியில் ஓர் அணை வருகிறது. கடும் கோடையில் நீர் வற்ற, மூழ்கிய கிராமம் வெளியே தெரிகிறது. அங்கிருந்து வரும் ஆவி ஒரு காலத்தில் தூக்கணங்கூடு போல் கூரையடியில் கட்டிய கூட்டிலிருந்து விழுந்த குருவிக் குஞ்சு. மனிதக் கை பட்டதால் தாய்ப்பறவை ஒதுக்கிவிட்டது. அதன்மேல் இரக்கம் காட்டிய ஒருவரை மீண்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு ஆசை இல்லை. ஓர் இரவு மட்டும் மனித உருத் தரும் ஆடையை நட்சுமே அதற்காகப் பாடுபட்டு வாங்கித் தருகிறான். திருவிழாக் கூட்டத்தில் அவள் அவரைப் பார்க்கிறாள். மழை வருகிறது, நீர் ஏறுகிறது, ஊர் மறுபடி மூழ்குகிறது.

கதை கற்பனைதான். ஆனால் அதை ஒளிபரப்பிய 2008-ல் குமா ஆற்றுப் பகுதியில் அணை என்பது கற்பனைப் பொருள் அல்ல. குமாவின் கிளையான கவாபே ஆற்றில் அணை கட்டும் திட்டம் 1966-ல் அறிவிக்கப்பட்டது. இத்சுகி கிராமத்தின் நடுப்பகுதி மூழ்கும் என்பதால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. நாற்பதாண்டு இழுபறிக்குப் பின், 2008 செப்டம்பரில் ஆளுநர் கபாஷிமா இகுவோ அணை வேண்டாம் என்று அறிவித்தார். ஊர் போய்விட்டது, அணையும் வரவில்லை. 2020 ஜூலையில் குமா ஆறு பெருவெள்ளமாகப் பாய்ந்து ஹிதோயோஷியை மூழ்கடித்தது, உயிர்களும் போயின. அதே ஆண்டு நவம்பரில் அதே ஆளுநர், வெள்ளக் காலத்தில் மட்டும் நீரைத் தேக்கும் வகை அணைக்கு ஒப்புக்கொண்டார். ஆசிரியர் இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணில் பிறந்தவர் வரையும் மூழ்கிய ஊர், வெறும் அழகுக் காட்சி அல்ல என்பதை மட்டும் சொல்லலாம்.

இன்னொன்று. இத்சுகி கிராமம் ஜப்பான் முழுக்கப் பேர் பெற்றது ஒரு தாலாட்டால். தாய் பாடும் தாலாட்டல்ல அது. வறுமையால் பிறர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகள், எசமானர் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தம் வீட்டை நினைத்துப் பாடியது. பிறர் வீட்டில் வளரும் பிள்ளையின் ஏக்கம் அந்த நிலப்பகுதியின் நாட்டுப்பாட்டிலேயே கிடக்கிறது. நட்சுமே அந்தச் சிறுமிகளின் தூரத்து உறவு என்று எண்ணிப் பார்த்தால், தொடரின் மென்மைக்கு அடியில் இருக்கும் கசப்பு புலப்படும்.

குறைகள்

புகழ்ந்துகொண்டே போனால் விமர்சனம் ஆகாது. சில குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, வாய்பாடு. ஆவி வரும், பயமுறுத்தும், குறை சொல்லும், கண்ணீரோடு பிரியும். நான்கைந்து பகுதிகளைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் அலுப்புத் தட்டும். இதை வாரம் ஒன்றாகப் பார்ப்பதே முறை. ஒரே மூச்சில் பார்க்கும் இன்றைய பழக்கம் இந்தத் தொடருக்குப் பகை.

இரண்டாவது, ஆவியோட்டிகள் வரும் பகுதிகள். மத்தோபா குலத்தின் சதிகள் கூடக்கூட, நிதானம் போய்ச் சாதாரணச் சாகசக் கதையின் ஓட்டம் வந்துவிடுகிறது.

மூன்றாவது, ரேக்கோ. எல்லார் நினைவிலும் அவள் வருகிறாள். அவள் மனத்துக்குள் நாம் போவதே இல்லை. பலபேர் சொல்லக் கேட்ட ஒரு பெண்ணாகவே நின்றுவிடுகிறாள். பேரனுக்குக் கிடைத்த தோக்கோவும் ஷிகெருவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் கதையை ஒருமுறையாவது அவள் பக்கமிருந்து சொல்லியிருக்கலாம்.

நான்காவதுதான் பெரியது. தான் காண்பதை நட்சுமே தன்னை வளர்ப்பவர்களிடம் சொல்வதில்லை. தனூமா, தக்கி போன்ற நண்பர்களுக்குத் தெரியும். 2024-ல் வந்த ஏழாம் பருவம் வரையிலும் தோக்கோ அம்மையாரிடம் அவன் வாய் திறக்கவில்லை. “இன்னும் எத்தனை வருஷம் தாத்தா மறைப்பான்?” என்று பேத்தியே சலித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்பதால் இழுக்கிறார்கள் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். என் பார்வை சற்று வேறு. பேரேட்டில் எல்லாக் கணக்கையும் தீர்ப்பவன், தன் கணக்கில் ஒரே ஒரு வரியை மட்டும் மூட முடியாமல் நிற்கிறான். அன்பு காட்டுகிறவர்களிடம் உண்மையைச் சொல்வது, வெறுப்பவர்களிடம் சொல்வதைவிடக் கஷ்டம். இழப்பதற்கு ஒன்று இருக்கிறது அல்லவா? இது கலைக்குறையா, வாழ்க்கைக்குறையா என்பதை வாசகர்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ஆனால் ஏழு பருவத்துக்குப் பிறகும் அந்த ஒரு பேச்சைத் தள்ளிப்போடுவதைப் பொறுமையோடு ஏற்க என்னால் முழுமையாக முடியவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நிறைவாக

பூனை வடிவத்தில் வரும் நியாங்கோ-சென்செய் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று இளைஞர்கள் கோபிப்பார்கள். ‘சென்செய்’ என்றால் வாத்தியார். மதரா என்னும் பேராற்றல் கொண்ட ஆவி, ஒரு பீங்கான் பூனைப் பொம்மைக்குள் அடைபட்டு, அந்தத் தொந்தி பெருத்த உருவத்திலேயே பழகிவிட்டது. நட்சுமே செத்தபின் ஏடு தனக்கு என்ற ஒப்பந்தத்தின் பேரில் காவலுக்கு இருக்கிறது. குடிக்கிறது, மான்ஜூ தின்கிறது, ஊர் சுற்றுகிறது. இனோவே கஸூஹிகோ ஒரே ஆளாகப் பூனையின் கீச்சுக் குரலையும் பேராவியின் கனத்த குரலையும் பேசியிருப்பது தனி ரசனைக்குரியது. ஏடு ஒவ்வொரு நாளும் மெலிகிறது. வாத்தியாருக்கு வர வேண்டிய சொத்து கண்ணெதிரே கரைகிறது. அது முணுமுணுக்கிறதே தவிர, விட்டுப் போவதில்லை. காவலுக்கு வந்த கடன்காரன் வீட்டு ஆளாகிவிட்டான். தொடர் சொல்ல வந்த சேதி இந்தப் பூனையிடமே முழுமையாக இருக்கிறது.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யார் வீட்டிலோ, எந்த விடுதியிலோ சாப்பிடுகிறார்கள். நம் வீட்டுக்கும் ஊரிலிருந்து யாராவது ஒரு பையனோ பெண்ணோ வந்து தங்குகிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டாம் முறை குழம்பு கேட்காமல் எழுந்தால், வயிறு நிறைந்துவிட்டது என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி ஊற்றுங்கள். சாப்பிட்டபின் நேரம் இருந்தால், அவர்களோடு சேர்ந்து இத்தொடரின் இரண்டாம் பகுதியைப் போட்டுப் பாருங்கள். இருபத்திச் சொச்ச நிமிடம்தான்.

என் பேத்தி இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்து ‘இத்தெகிமாஸ்’ என்றாள். “தமிழ்ல சொல்லு” என்றேன். “போயிட்டு வரேன் தாத்தா” என்றாள்.